ஆறு தந்தி, நான்கு விரல்

நம்மூர் மெல்லிசைக் குழுக்களில் கிதார் வேலையை மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள். லீட் வாசிப்பவர் மெட்டைப் பிடிப்பார், ரிதம் வாசிப்பவர் கார்ட் போடுவார், பேஸ்காரர் அடியில் நடைபோட்டுக்கொண்டிருப்பார். இந்த மூன்று வேலைகளையும் ஒரே ஆள், ஒரே கிதாரில், ஒரே நேரத்தில் செய்வதற்கு ஜாஸ் உலகத்தில் பெயர் கார்ட் மெலடி. பாட்டின் மெட்டு மேலே, பெரும்பாலும் முதல் இரண்டு தந்திகளில், ஒரு பாடகரின் குரலைப் போலத் தனித்துக் கேட்கும். அதன் கீழே ஒவ்வொரு திருப்பத்துக்கும் உரிய ஹார்மனி கூடவே ஒலிக்கும். அதற்கும் கீழே பேஸ் சுரங்கள் அசைந்துகொண்டிருக்கும்.

கிதார்காரர்கள் இந்தப் பாணியை ஏறக்குறைய பக்தியோடு பார்க்கிறார்கள். எட்டி லாங், கார்ல் கிரெஸ், ஜார்ஜ் வான் எப்ஸ், ஜானி ஸ்மித், ஜோ பாஸ் என்று அவர்கள் அடுக்கும் பெயர்களைப் பொது ரசிகர்களில் பலர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். இவர்களைப் பற்றிய பேச்சில் ஒரு கேள்வி ஓயாமல் திரும்ப வருகிறது. இது கிதாருக்கே உரிய ஒரு கலையா, இல்லை பியானோ ஆகிவிட வேண்டும் என்ற கிதாரின் ஆசையா? வான் எப்ஸே தன் வாத்தியத்தை ‘மடிப் பியானோ’ என்றுதான் அழைத்தார். ஆக, கேள்வி வெளியாட்கள் கிளப்பியதில்லை. 1920களின் இசைத்தட்டுகளிலிருந்து இன்றுவரை வரிசையாகக் கேட்டுப் பார்க்கையில் எனக்குப் படுவது இது: பியானோவைத் துரத்தும்போது இந்தக் கலைஞர்கள் நம்மை வியக்க வைக்கிறார்கள். எதை வாசிக்காமல் விடலாம் என்று முடிவெடுக்கும்போதுதான் நெருங்கி வருகிறார்கள்.

இதைப் புரிந்துகொள்ளக் கையிலிருந்து தொடங்க வேண்டும். பியானோக்காரருக்குப் பத்து விரல்கள். கிதார்காரரின் இடது கையில் கட்டைவிரல் கழுத்துக்குப் பின்னால் முட்டுக்கொடுக்கப் போய்விடுகிறது. மிஞ்சுவது நான்கு. ஜாஸ் கார்டிலும் பெரும்பாலும் நான்கு சுரங்கள்: ச, அந்தர காந்தாரம், ப, காகலி நிஷாதம் என்று வைத்துக்கொள்வோம். மெட்டில் மேல் ஸ்தாயி ச வருகிறது, மற்ற மூன்றும் அதன் கீழே நெருக்கமாக ஒட்டி நிற்க வேண்டும் என்றால் பியானோவில் ஒரு கைக்குள் அடங்கிவிடும். கிதாரில் ச முதல் தந்தியின் 8ஆம் ஃப்ரெட்டில் என்றால், அதற்கு அரைச்சுரம் மட்டுமே கீழே உள்ள நி இரண்டாம் தந்தியில் 12ஆம் ஃப்ரெட்டுக்குப் போய்விடும். ப மூன்றாம் தந்தியில் 12, க நான்காம் தந்தியில் 14. சுரங்கள் நெருங்க நெருங்க விரல்கள் விலக வேண்டிய விசித்திரம் இது. சாதாரணக் கைக்கு இந்தப் பிடி எட்டாது.

வழி என்ன? மேலிருந்து இரண்டாவதாக நிற்கும் நி-யை ஒரு ஸ்தாயி கீழே இறக்கிவிடுவது. இப்போது ஃப்ரெட்டுகள் 8, 8, 9, 9. நான்கு விரல்களும் அக்கம்பக்கமாக உட்கார்ந்துகொள்ளும். இசைக்குழுவின் சாக்ஸபோன் வரிசைக்கு எழுதுகிறவர்களும் இதே உத்தியைக் கையாள்கிறார்கள். அவர்கள் வழக்கில் இதற்கு ‘டிராப் டூ’ என்று பெயர். அந்த ஒரு சுரத்தை இறக்கியதும் கார்டின் குணமே மாறுகிறது. நெருக்கம் குறைந்து காற்றோட்டம் வருகிறது. ஜாஸ் கிதாரின் கார்ட் ஒலி என்று நாம் அடையாளம் காண்பதில் பாதி, கை எட்டாததால் பிறந்த இந்த இடமாற்றம்தான்.

இன்னொரு குறை, ஒலியின் ஆயுள். கிதார் சுரம் தட்டிய கணமே தேயத் தொடங்குகிறது. பிடித்துவைக்க பெடல் கிடையாது. விரல் அடுத்த கார்டுக்குப் பெயர்ந்தால் முந்தைய சுரம் அறுந்துவிடும். அதனால் தேர்ந்த கலைஞர்கள் மெட்டின் சுரத்தைப் பிடித்திருக்கும் விரலை மட்டும் அசைக்காமல் வைத்து, மற்ற விரல்களை அதன் கீழே நகர்த்துகிறார்கள். பிக்கால் வாசிப்பவருக்கு மற்றொரு சங்கடம்: பிக் அடுத்தடுத்த தந்திகளையெல்லாம் உரசிக்கொண்டுதான் போகும், இடையில் வேண்டாத தந்தி இருந்தால் அதை இடது கை விரலின் சதையால் ஊமையாக்க வேண்டும். விரல்களால் மீட்டுபவருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பிக்குக்கு உள்ள வேகமும் கூர்மையும் அவருக்குக் கிடைக்காது.

வீணை கேட்டுப் பழகிய காதுக்கு ஒரே ஆள் இரண்டு வேலை செய்வது புதிதில்லை. பிரதான தந்திகளில் ராகம் ஓடும்போதே சுண்டுவிரல் தாளத் தந்திகளை மீட்டிக்கொண்டிருக்கும். ஆனால் அந்தத் தந்திகள் ச-ப-ச என்ற இடத்தை விட்டு அசைவதில்லை. கார்ட் மெலடியில் தரையே நகர்கிறது. மேலே ஒரே சுரம் நீண்டு நிற்கும். கீழே கார்ட் மாறும். சற்றுமுன் நிம்மதியாக ஒலித்த அதே சுரம் இப்போது ஏங்குவதாகக் கேட்கும். கமகத்தால் சுரத்துக்குள்ளேயே நாம் செய்யும் வேலையை இவர்கள் சுரத்தின் அடியிலிருந்து செய்கிறார்கள்.

வரலாறு பான்ஜோவில் தொடங்குகிறது. 1920களின் நடன இசைக்குழுக்களில் கார்ட் வேலை பான்ஜோவுக்கு. காரணம் எளியது, அதன் சத்தம். கொம்புக் குழாய்க்குள் வாசித்துப் பதிவு செய்த காலத்தில் கிதார் மற்ற வாத்தியங்களுக்கு நடுவே எடுபடவில்லை. 1925 வாக்கில் மைக் வைத்துப் பதிவு செய்யும் முறை வந்தது. அதற்குச் சற்று முன்னால் கிப்சன் நிறுவனம் வளைந்த முகப்பும், வயலினில் இருப்பதைப் போன்ற துளைகளும் கொண்ட எல்-5 கிதாரைக் கொண்டுவந்திருந்தது. இரண்டும் சேர்ந்ததும் கிதார் கேட்கத் தொடங்கியது. பான்ஜோக்காரர்கள் பலர் வாத்தியத்தை மாற்றிக்கொண்டார்கள். மாற்றிக்கொண்டு வந்தவர்கள், நான்கு தந்திகளில் மெட்டையும் கார்டையும் சேர்த்தே உரசும் பான்ஜோ பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். கார்ட் மெலடி உயர்ந்த ஹார்மனி ஆராய்ச்சியில் பிறந்தது என்று நினைப்பவர்கள் இந்தப் பூர்விகத்தைக் கவனிப்பதில்லை. அது நடன மண்டபத்தின் தொழில் தேவையில் பிறந்தது.

எட்டி லாங் (1902-1933) ஃபிலடெல்ஃபியாவின் இத்தாலியக் குடும்பத்துப் பிள்ளை. இயற்பெயர் சால்வடோர் மசாரோ. முதலில் கற்றது வயலின். 1927இல் அவர் பதிவு செய்தவற்றில் ரஹ்மானினாஃபின் பியானோ ப்ரெலூட் ஒன்றின் கிதார் வடிவமும் உண்டு. ஆக, பியானோவைத் துரத்தும் ஆசை இந்தப் பாணியின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தத் தட்டை மரியாதையோடு கேட்கலாம், மனம் ஒட்டுவதில்லை. அவர் உயிரோடு ஒலிப்பது 1928-29இல் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த லோனி ஜான்சனோடு செய்த இரட்டைக் கிதார் பதிவுகளில். ஜான்சன் கறுப்பினத்தவர். இருவரும் சேர்ந்து வாசித்த தட்டுகளில் லாங்கின் பெயர் ‘பிளைண்ட் வில்லி டன்’ என்று மாற்றி அச்சிடப்பட்டது; இனக்கலப்பு இசையை வெளிப்படையாக விற்க முடியாத காலம். ஜான்சனின் ஒற்றைத் தந்தி ஓட்டங்களுக்கு அடியில் லாங் போடும் கார்டுகள் ஒவ்வொன்றிலும் மேல் சுரங்கள் தங்களுக்குள் ஒரு மெட்டாக இணைகின்றன. துணை வாசிப்பதாகச் சொல்லிக்கொண்டே பக்கத்தில் இன்னொரு பாட்டைப் பாடுகிறார்.

1932 தொடக்கத்தில் லாங்கும் கார்ல் கிரெஸும் இரண்டு இரட்டைக் கிதார் பதிவுகள் செய்தார்கள். அடுத்த ஆண்டு, டான்சில் அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கலில் லாங் இறந்தார். வயது 30. அவர் விட்ட இடத்தில் கிரெஸும் டிக் மெக்டொனாவும் ஜோடி சேர்ந்தார்கள். 1934இலும் 1937இலும் இவர்கள் பதிவு செய்த நான்கைந்து தட்டுகள் இந்தப் பாணியின் முதல் சிகரம் என்பேன். கிரெஸ் கிதாரை வழக்கமான முறையில் ஸ்ருதி சேர்க்கவில்லை. பான்ஜோவின் ஐந்தாம் சுர இடைவெளியை ஒட்டி, வழக்கத்தைவிட வெகு கீழிருந்து தொடங்கினார். அதனால் அவருடைய கார்டுகளுக்கு அகலமும் ஆழமும் உண்டு, மற்றவர் விரலில் அதே ஒலி வராது. மெக்டொனா மேலே கார்டும் ஒற்றைச் சுரமும் கலந்து துள்ளுகிறார். இருவருமே நியூயார்க் வானொலி நிலையங்களில் நாள் முழுதும் வேலை பார்த்தவர்கள். இந்தத் தட்டுகளுக்குப் பெரிய சந்தை இருந்ததாகத் தெரியவில்லை. வேலைக்கு நடுவில் தங்கள் திருப்திக்குச் செய்ததைப் போன்ற ஒரு உல்லாசம் அவற்றில் இருக்கிறது. மெக்டொனா 1938இல், 33 வயதில் இறந்தார்.

அடுத்த ஆண்டு சார்லி கிறிஸ்டியன் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்தார், கையில் மின்கிதாரோடு. ஜாஸ் கிதாரின் வரலாற்றை எழுதுகிறவர்களில் பலர் இங்கேதான் கதையைத் தொடங்குகிறார்கள். ஒலிபெருக்கி வந்ததும் கிதாரால் சாக்ஸபோன்போல ஒற்றை வரியில் பேச முடிந்தது, பித்தளை வாத்தியங்களுக்கு நடுவே அந்த வரி கேட்டது. கார்டில் சோலோ வாசிப்பது சத்தம் போதாத காலத்தின் கட்டாயம் என்பதாக ஆகிவிட்டது. இந்தப் பார்வை பாதிதான் சரி. தனி மெட்டு கேட்காததால்தான் நான்கு தந்திகளைச் சேர்த்து அடித்தார்கள் என்பது உண்மை. ஆனால் அப்படி அடித்து அடித்து அவர்கள் கண்டுபிடித்த ஹார்மனி, ஒலிபெருக்கி வந்ததால் காலாவதி ஆகிவிடவில்லை.

அதற்குச் சாட்சி ஜார்ஜ் வான் எப்ஸ் (1913-1998). அப்பா ஃப்ரெட் வான் எப்ஸ் புகழ்பெற்ற பான்ஜோ கலைஞர்; மகனும் பான்ஜோவில்தான் தொடங்கினார். 1930களின் நடுவில் குட்மன் குழுவில் வாசித்தார். அந்தப் பத்தாண்டின் இறுதியில் எபிஃபோன் நிறுவனத்தாரிடம் சொல்லி ஏழு தந்திக் கிதார் ஒன்றைச் செய்வித்துக்கொண்டார். ஏழாவது தந்தி, ஐந்தாம் தந்திக்கு ஒரு ஸ்தாயி கீழே. இதன் பயன் வெறும் ஆழமான பேஸ் மட்டுமில்லை. அடிச்சுரத்தை ஏழாம் தந்தி பார்த்துக்கொள்ள, நடுத் தந்திகள் விடுதலை பெற்றன. வான் எப்ஸின் மேதைமை அந்த நடுவில்தான் இருக்கிறது. மேலே மெட்டு நிற்கும், கீழே பேஸ் நிற்கும், இடையில் ஒரு குரல் மட்டும் அரைச்சுரமாக இறங்கி வேறொரு கார்டின் கதவைத் திறக்கும். கார்டுகள் அடுத்தடுத்து வைத்த கட்டிடங்களாக இல்லாமல், நாலு பேர் சேர்ந்து பாடும் குரல்களின் தற்காலிகச் சந்திப்புகளாகிவிடுகின்றன.

1956இல் வந்த ‘மெல்லோ கிதார்’ ஆல்பத்தை ஒருமுறை கேட்டால் இனிமையான பின்னணி இசையாகக் கடந்துபோகும். நடுக்குரலைக் காது பிடித்த பிறகு அது வேறு ஆல்பம். 1980களின் தொடக்கத்தில் அவர் மூன்று பாகங்களில் வெளியிட்ட ‘ஹார்மானிக் மெக்கானிசம்ஸ் ஃபார் கிதார்’ நூலும் இதே குணம் கொண்டது: ஒவ்வொரு விரலையும் தனித்த குரலாக்கும் பயிற்சிகள், பக்கம் பக்கமாக. வாங்கி வைத்தவர்கள் அதிகம், வாசித்து முடித்தவர்கள் குறைவு என்று கிதார் வகுப்புகளில் கேலி உண்டு. எனக்கு வான் எப்ஸ்மேல் ஒரே ஒரு மனத்தாங்கல்: எதுவும் அவரிடம் தடுமாறுவதில்லை. அத்தனை ஒழுங்கு சில சமயம் கேட்பவரை வெளியே நிறுத்திவிடுகிறது. 1990களில், வயது எண்பதை நெருங்கும் காலத்தில், இளையவரான ஹோவர்ட் ஆல்டனோடு சேர்ந்து அவர் செய்த பதிவுகளில் இந்த இறுக்கம் தளர்ந்து ஒரு விளையாட்டு வருகிறது.

ஒரு இடைச்செருகல். அதே காலத்தில் கவுண்ட் பேஸி குழுவில் 1937 முதல் 1987 வரை ரிதம் கிதார் வாசித்த ஃப்ரெடி கிரீன், நேரெதிர்த் திசையில் போனார். ஒலிபெருக்கி இல்லாமல், சோலோ இல்லாமல், அடிக்கு ஒரு கார்ட். அந்தக் கார்டிலும் போகப் போகச் சுரங்களைக் குறைத்து, பெரும்பாலும் ஒன்றிரண்டு தந்திகளையே ஒலிக்கவிட்டார். அந்த ஒற்றைச் சுரங்களை மட்டும் கோத்துப் பார்த்தால் அது நடுக்குரலில் ஓடும் ஒரு மெட்டு. கார்ட் மெலடிப் பட்டியலில் யாரும் இவரைச் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

ஜானி ஸ்மித்திடம் (1922-2013) வந்தால் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். அலபாமாவில் பிறந்து, சிறுவயதில் அடகுக்கடைகளில் கிடந்த கிதார்களுக்கு ஸ்ருதி சேர்த்துக்கொடுத்து, அதற்குக் கூலியாக அவற்றை வாசித்துப் பழகியவர். பிறகு நியூயார்க்கில் என்.பி.சி. வானொலியின் ஊழியர். அங்கே முன்னால் வைக்கும் எந்தத் தாளையும் பார்த்த மாத்திரத்தில் வாசிக்க வேண்டும். 1952இல் ஸ்டான் கெட்ஸின் சாக்ஸபோனோடு ‘மூன்லைட் இன் வெர்மான்ட்’ பாடலைப் பதிவு செய்தார். மூன்று நிமிடச் சொச்சம்தான். ஜாஸ் கிதாரில் அதற்குமுன் யாரும் கேட்டிராத ஒலி அது.

மேலே சொன்னேனே, கைக்கு எட்டாது என்று, அந்த நெருக்கமான பிடிகளைத்தான் ஸ்மித் எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் சுரத்தை இறக்கிப் பிரச்சினையைத் தாண்டிப் போனார்கள். இவர் விரலை நீட்டினார். அதோடு, ஒரு கார்டிலிருந்து அடுத்ததுக்குப் போகும்போது இடைவெளி தெரியாமல், காற்று வாத்தியங்கள் மூச்சு விடாமல் இழுப்பதைப்போல இழைத்தார். குழுவில் பியானோவும் இருந்தது என்பதைக் கேட்பவர் மறந்துவிடுவார். அரைச்சுர உரசல்கள் பியானோவில் கொஞ்சம் கூராகக் குத்தும். கிதாரின் மெத்தென்ற தந்திகளில் அதே உரசல் ஒரு வெதுவெதுப்பாக மாறுகிறது. பியானோவின் கார்டைக் கடன் வாங்கி, பியானோவால் தர முடியாத நிறத்தைக் கொடுத்துத் திருப்பிய இடம் இது. கார்ட் மெலடியில் ஒரே ஒரு பதிவைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் நான் இதை எடுப்பேன். 1950களின் இறுதியில், மனைவி இறந்த பிறகு மகளை வளர்ப்பதற்காக, ஸ்மித் புகழின் உச்சியில் நியூயார்க்கை விட்டு கொலராடோ ஸ்பிரிங்ஸுக்குப் போய் இசைக்கருவிக் கடை வைத்துக்கொண்டார். அவர் 1954இல் எழுதிய ‘வாக், டோன்ட் ரன்’ 1960இல் வென்ச்சர்ஸ் என்ற ராக் குழுவின் கையில் பெரிய வெற்றி பெற்றது. அதைக் கேட்டுக் கிதார் எடுத்த இளைஞர்களில் எத்தனை பேருக்கு மூலவர் யாரென்று தெரிந்திருக்கும்?

பார்னி கெஸ்ஸலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், அவர் சாதித்தது சுருக்கத்தில் என்பதால். 1955இல் ஜூலி லண்டன் பாடிய ‘க்ரை மீ எ ரிவர்’ பதிவில் குரல், கெஸ்ஸலின் கிதார், ஒரு பேஸ், அவ்வளவுதான். பாடகி மூச்சு விடும் இடங்களில் இரண்டு மூன்று சுரக் கார்டுகள் வந்து நிற்கின்றன. பாட்டு பெரிய வெற்றி பெற்றது. ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவின் செலவை ஒரு கிதார் மிச்சம் பிடிக்கும் என்பதையும் தயாரிப்பாளர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

வெஸ் மாண்ட்கோமரி (1923-1968) கேள்வியையே மாற்றிவிட்டவர். அதுவரை கார்ட் மெலடி என்றால் ஏற்கெனவே உள்ள ஒரு பாட்டை யோசித்து, செதுக்கி, கார்டுகளாக அமைப்பது. இண்டியானபோலிஸில் பகலில் தொழிற்சாலை வேலையும் இரவில் கிளப் வாசிப்புமாக இருந்த வெஸ், பிக் இல்லாமல் கட்டைவிரலின் சதையால் மீட்டினார். வீட்டில் அக்கம்பக்கத்தவருக்குத் தொந்தரவாகக் கூடாது என்று தொடங்கிய பழக்கம் என்பார்கள். அவருடைய சோலோக்கள் மூன்று படிகளில் ஏறும்: முதலில் ஒற்றைச் சுரங்கள், அடுத்து ஒரே சுரம் இரண்டு ஸ்தாயிகளில் சேர்ந்து, கடைசியில் முழு கார்டுகள். அந்தக் கடைசிப் படியில் நடப்பது மனோதர்மம். மேல் சுரம் எங்கே போகும் என்பது அந்த நொடியில் முடிவாகிறது, நான்கு விரல்களும் அதன் பின்னால் கட்டளைக்குக் காத்திராமல் ஓடுகின்றன. 1960இல் வந்த ‘தி இன்க்ரெடிபிள் ஜாஸ் கிதார்’ ஆல்பத்தில் இந்த ஏற்றத்தைக் கேட்கலாம். ஒரு சாக்ஸபோன் வரிசை முழுதும் ஒரே மனசாக மனோதர்மம் செய்தால் எப்படியிருக்கும், அதுதான் அந்த ஒலி. வான் எப்ஸிடம் குரல்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரியும். வெஸ்ஸிடம் பிரிவதே இல்லை, நான்கும் கைகோத்துக்கொண்டு மெட்டைப் பின்தொடரும். ஹார்மனியின் நுட்பத்தில் வான் எப்ஸ் மேல். ஆனால் உடம்பை ஆடவைப்பது வெஸ்.

பியானோவோடு நேருக்கு நேர் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு பதிவு இருக்கிறது. 1962இல் ஜிம் ஹாலும் பியானோக்காரர் பில் எவன்ஸும் இருவராக மட்டும் சேர்ந்து செய்த ‘அண்டர்கரன்ட்’. இரண்டு கார்ட் வாத்தியங்கள் மோதிக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. அதில் ‘மை ஃபன்னி வேலன்டைன்’ பாடலில் எவன்ஸ் சோலோ வாசிக்கும்போது ஹால் எல்லா அலங்காரத்தையும் கழற்றிவைத்துவிட்டு, ஃப்ரெடி கிரீனைப்போல அடிக்கு ஒரு கார்டாக உரசத் தொடங்குகிறார். பியானோவால் செய்ய முடியாத வேலை அதுதான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

1973இல் ஜோ பாஸ் (1929-1994) தனியாக உட்கார்ந்து பதிவு செய்த ‘விர்ச்சுவோசோ’ இந்தப் பாணியைப் பொதுமக்களிடம் கொண்டுபோனது. பேஸ் இல்லை, டிரம்ஸ் இல்லை. தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ், 1950களில் பியானோ மேதை ஆர்ட் டேட்டமை இதேபோலத் தனியாக உட்காரவைத்துத் தொடராகப் பதிவு செய்தவர். கிதாரின் டேட்டம் என்ற பட்டம் பாஸுக்கு ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமில்லை. போதைப் பழக்கத்தில் பல ஆண்டுகளை இழந்து, கலிஃபோர்னியாவின் சினனான் மறுவாழ்வு மையத்திலிருந்து 1960களின் தொடக்கத்தில் இசைக்குத் திரும்பி வந்தவர் அவர்.

உற்றுக் கேட்டால், மூன்று பேர் வாசிப்பதாகத் தோன்றும் இடங்களில் பாஸ் மூன்றையும் ஒரே நேரத்தில் வாசிப்பதில்லை. ஒரு கார்டோடு மெட்டின் சுரத்தை வைக்கிறார். அது தேய்வதற்குள் பேஸில் இரண்டு எட்டு. பிறகு மேலே ஒரு வேக ஓட்டம், மறுபடி கார்ட். விடுபட்டதை நம் காது நிரப்பிக்கொள்கிறது. கடினமான பிடிகளை அவர் பெரும்பாலும் தவிர்த்தார்; அவருடைய பாடக் காணொளிகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஸ்மித்தின் நீட்டல்களோ வான் எப்ஸின் நடுக்குரல்களோ அவரிடம் குறைவு. அதற்குப் பதிலாக வேகமும், தயக்கமே இல்லாத ஓட்டமும். இதில்தான் எனக்குச் சங்கடம். ‘விர்ச்சுவோசோ’வில் மெட்டு நின்று மூச்சு வாங்க வேண்டிய இடைவெளிகளையெல்லாம் ஓட்டங்கள் நிரப்பிவிடுகின்றன. டேட்டமைப் பற்றியும் இதே குறை சொல்லப்பட்டதுண்டு. துரத்தியவர் பிடித்தே விட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். அதே பாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டோடு செய்த நான்கு இருவர் ஆல்பங்களில், குறிப்பாக 1973இன் ‘டேக் லவ் ஈஸி’யில், முற்றிலும் வேறு ஆள். மெட்டு பாடகியிடம் போய்விட்டதால் அவருக்கு நிரூபிக்க எதுவுமில்லை. ஒரு சொல்லுக்குக் கீழே ஒரு கார்டை வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.

பாஸுக்குப் பிறகு பாதைகள் கிளைக்கின்றன. பக்கி பிஸரெல்லி ஏழு தந்திக் கிதாரை வான் எப்ஸிடமிருந்து எடுத்துக்கொண்டு நியூயார்க்கில் பல்லாண்டு வாசித்தார். டொரான்டோவின் எட் பிக்கெர்ட், கன்ட்ரி இசைக்காரர்களின் கிதாரான டெலிகாஸ்டரில், சாக்ஸபோன் கலைஞர் பால் டெஸ்மண்டின் ‘ப்யூர் டெஸ்மண்ட்’ ஆல்பத்துக்காக வாசித்த மூன்று சுரக் கார்டுகளை எத்தனை முறை கேட்டாலும் எந்த விரலில் எது என்று புரிபடுவதில்லை. லென்னி ப்ரோ (1941-1984) கன்ட்ரி இசைக் குடும்பத்தில் பிறந்து, செட் அட்கின்ஸின் விரல் பாணியில் தொடங்கி, பில் எவன்ஸின் பியானோவைக் கிதாருக்குக் கொண்டுவந்தவர். கார்டின் உயிரான இரண்டே இரண்டு சுரங்களைக் கட்டைவிரல் பக்கம் தாளத்தோடு தட்டிக்கொண்டே, மீதி விரல்களால் மேலே தனி வரி வாசிப்பார். அவருடைய ஏழாவது தந்தி வான் எப்ஸுக்கு நேரெதிராக மேலே, உச்ச ஸ்தாயியில் இருந்தது. தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் மணியோசைச் சுரங்களையும் சாதாரண சுரங்களையும் மாற்றி மாற்றி அவர் பொழியும்போது பியானோவின் ஞாபகமே வருவதில்லை. லாஸ் ஏஞ்சலஸில் நீச்சல் குளம் ஒன்றில் அவர் உடல் கிடந்தது. கழுத்து நெரிக்கப்பட்டிருந்தது. கொலை வழக்கு இன்றுவரை துலங்கவில்லை.

டெட் கிரீன் (1946-2005) தன் பெயரில் வெளியிட்டது ‘சோலோ கிதார்’ (1977) என்ற ஒரே ஆல்பம்தான். ஆனால் 1971இல் வந்த ‘கார்ட் கெமிஸ்ட்ரி’ நூலும், லாஸ் ஏஞ்சலஸ் வீட்டில் மாணவர்களுக்காக அவர் கையால் எழுதிக்கொடுத்த தாள்களும் உலகம் முழுதும் போயிருக்கின்றன. அந்தத் தாள்களில் ஒரே பாட்டுக்குப் பத்து விதமான ஹார்மனி இருக்கும். எது சரி என்று எழுதியிருக்காது. இன்று பெரும்பாலோர் கற்கும் முறை இதற்கு நேர்மாறு. ஸ்மித்தும் பாஸும் எந்தத் தந்தியில் எந்த ஃப்ரெட்டை அழுத்தினார்கள் என்று எண்களாகவே கிடைக்கிறது, எண்களைப் பார்த்து விரலை வைத்தால் போதும். ஒலி கிட்டத்தட்ட வந்துவிடும். ஆனால் மெட்டின் சுரம் எது, துணைச் சுரம் எது என்ற எடை வித்தியாசம் அந்த எண்களில் இல்லை. அதனால் நான்கு சுரங்களும் ஒரே சத்தத்தில் விழுந்து, பாட்டு இருக்கும் இடம் தெரியாமல் போகிறது. மேல் சுரத்தை மட்டும் ஒரு நூலளவு அழுத்தமாக மீட்டுவது கார்ட் மெலடியில் முதல் பாடம். எழுதிக்காட்ட முடியாத பாடமும் அதுவே.

இந்தப் பாணியின் எல்லையையும் சொல்ல வேண்டும். அதன் பாட்டுப் புத்தகம் மிகச் சிறியது: பெரும்பாலும் 1920களிலிருந்து 1950கள்வரை நியூயார்க் மேடைகளுக்கும் ஹாலிவுட் படங்களுக்கும் எழுதப்பட்ட பாடல்கள். காரணம் ரசனைத் தேக்கம் மட்டுமில்லை. அந்தப் பாடல்களின் மெட்டில் சுரங்கள் நீண்டு நிற்கும், அடியில் கார்டுகள் அடிக்கடி மாறும். அப்படி அமைந்தால்தான் நான்கு விரல்களுக்கு நகர நேரம் கிடைக்கும், நகர்வதில் அர்த்தமும் இருக்கும். ஒரே கார்டின்மேல் வெகுநேரம் ஓடும் 1960களுக்குப் பிந்தைய ஜாஸ் பாடல்கள் இங்கே வேரூன்றாததற்கு இது ஒரு காரணம். வேக மெட்டுகளுக்கும் இதே தடை.

அந்த வேகத் தடையை இப்போது உடைத்துக்கொண்டிருப்பவர் பாஸ்குவாலே கிராஸோ. இத்தாலியில் பிறந்து நியூயார்க்கில் வாழ்கிறார். வலது கையில் பிக்கும் விரல்களும் சேர்த்து, பட் பவல், ஆர்ட் டேட்டம் ஆகியோரின் பியானோ வேகத்திலேயே இரண்டு குரல்களைத் தனித்தனியாக ஓடவிடுகிறார். கிதாரில் இது நடக்கும் என்று இருபது ஆண்டுகளுக்கு முன்னால் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். ஒரே மூச்சில் அவருடைய ஆல்பம் முழுதையும் கேட்க என்னால் முடிவதில்லை. மூன்றாவது பாட்டில் காது களைத்துவிடுகிறது. மெதுவான பாட்டுகளை மட்டும் பொறுக்கிக் கேட்கிறேன். அவற்றில் அவர் சில சமயம் கார்டின் அடிச்சுரத்தை வாசிக்காமலே விட்டுவிடுகிறார், அது இருப்பதாகவே காது எடுத்துக்கொள்கிறது.